நடுக்கடலில் ஒரு தச்சர்: ஜோஷுவா ஸ்லோகம்

தருமபுரி மாவட்டத்திற்குக் கடற்கரை கிடையாது. நல்லம்பள்ளியைக் கடந்து தொப்பூர்க் கணவாயில் இறங்கும் லாரி பழுதுபட்டு நின்றால், ஓட்டுநர் சக்கரத்திற்குக் கல் வைத்துவிட்டு மெக்கானிக்கை அழைத்துவர ஆள் அனுப்புவார். பின்னால் வரும் வண்டியும் நிற்கும். உதவிக்கு ஒரு கை கிடைக்கும். கடலில் தனியே செல்பவனுக்கு அந்தக் கை இல்லை. கிழிந்ததை அவனே தைக்க வேண்டும்; ஒடிந்ததை அவனே பொருத்த வேண்டும். அவ்வாறு தைத்தும் பொருத்தியும் உலகைத் தனியொருவராகக் கடல்வழியே முதன்முதலில் சுற்றிவந்தவர் கேப்டன் ஜோஷுவா ஸ்லோகம்.

கனடாவின் நோவாஸ்கோஷியாப் பகுதியில் 1844 பிப்ரவரி 20ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் மீனவர்களுக்குத் தோல் காலணி செய்து கொடுத்தவர். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாத சிறுவனுக்கும் அதே தொழில்தான் வாய்த்தது. ஓய்வு நேரத்தில் அவன் மறைவாகச் செதுக்கிவந்த சிறு கப்பல் பொம்மை ஒருநாள் தந்தையின் கண்ணில் பட்டது; அவர் அதை உடைத்தெறிந்தார். 1860இல் தாய் மறைந்தபின், பதினாறாம் வயதில் ஸ்லோகம் கடலையே இல்லமாகக் கொண்டார்.

சாதாரண மாலுமியாகத் தொடங்கியவர் பெரிய பாய்க்கப்பல்களின் தலைவராக உயர்ந்தார். 1871இல் சிட்னியில் வர்ஜீனியாவை மணந்தார். கப்பலிலேயே குடும்பம் வளர்ந்தது. 1884இல் புவெனஸ் அயர்ஸில் அவ்வம்மையார் காலமானார். 1887 இறுதியில் பிரேசில் கரையோரம் அக்விட்நெக் என்னும் அவருடைய சொந்தக் கப்பலும் தரைதட்டி அழிந்தது. இரண்டாம் மனைவியோடும் இரு புதல்வரோடும் அந்நிய மண்ணில் நின்ற அவர், ஊர் திரும்ப யாரிடமும் கையேந்தவில்லை. முப்பத்தைந்து அடி நீளத்தில் தாமே ஒரு படகு கட்டினார். பிரேசிலில் அடிமைமுறை ஒழிக்கப்பட்ட 1888 மே 13ஆம் நாளில் அது நீரில் இறங்கியது. விடுதலை என்று பொருள்படும் லிபர்தாதே என்னும் பெயரை அதற்குச் சூட்டி, சுமார் 5,500 மைல் கடந்து அமெரிக்கா சேர்ந்தார்.

அதற்குள் காலம் மாறியிருந்தது. நீராவிக் கப்பல்கள் பெருகிவிட்டன. பாய்க்கப்பல் தலைவருக்கு வேலை இல்லை. 1892இல் நண்பரான கேப்டன் பியர்ஸ் ஒரு கலத்தைப் பரிசாகத் தருவதாகச் சொன்னார். ஃபேர்ஹேவன் ஊருக்குச் சென்று பார்த்தால், அது சில ஆண்டுகளாகப் புல்வெளியில் முட்டுக்கொடுத்து நிறுத்தப்பட்டிருந்த பழைய சிப்பிப் படகு. ஸ்பிரே என்பது அதன் பெயர். ஸ்லோகம் முகம் சுளிக்கவில்லை. அருகே நின்ற ஓக் மரம் ஒன்றை வெட்டி, அடிமரமாகிய ஏராவைச் செதுக்கினார். மரங்களை நீராவியில் பதப்படுத்தி வளைத்து வங்குகள் ஆக்கினார். பழைய பலகைகளைக் கழற்றிப் புதியன பதித்து, இடுக்குகளில் கலப்பற்று அடைத்தார். பதின்மூன்று மாத உழைப்பு. பொருட்செலவு 553 டாலர் 62 சென்ட்.

ஒவ்வோர் உறுப்பாக மாறிய அக்கலம் பழையதா, புதியதா என்னும் வினா எழுந்தது. எந்த இடத்தில் பழையது முடிந்து புதியது தொடங்கிற்று என்று கட்டியவராலேயே வரையறுக்க இயலவில்லை. பெயரை மட்டும் அவர் மாற்றவில்லை. மரபைக் கையாளும் கவிஞர்க்கு இவ்வினா புதிதன்று.

1895 ஏப்ரல் 24ஆம் நாள் பாஸ்டனிலிருந்து புறப்பட்டார். அவருக்கு நீந்தத் தெரியாது. நேரம் காட்ட, முகம் உடைந்ததால் ஒரு டாலருக்குக் கிடைத்த தகரக் கடிகாரம் ஒன்றுதான் இருந்தது. பின்னாளில் அதன் நிமிட முள்ளும் விழுந்தது. அவர் அதை வெந்நீரில் கொதிக்க வைத்தார், மீண்டும் ஓடியது. மணி தெரிந்தால் போதும் என்று அமைதியடைந்தார்.

மொராக்கோக் கரையருகே கொள்ளையர் படகு ஒன்று துரத்தியது. அந்நேரத்தில் எழுந்த பேரலையில், பெரும்பாயின் அடியைத் தாங்கும் பருமல் ஒடிந்தது. கொள்ளையர் கலமும் அதே அலையில் பாய்மரம் இழந்து பின்தங்கியது. பின்னர் ஒடிந்த பகுதியை நீக்கிவிட்டு, குறுகிய பருமலையே ஸ்லோகம் பொருத்திக்கொண்டார். புவெனஸ் அயர்ஸில் பாய்மரத்தையும் ஏழடி குறைத்தார். பின்புறத்தில் சிறு பாய்மரம் ஒன்றையும் சேர்த்தார். புயலுக்கு ஏற்பத் தன் கலத்தைச் சுருக்கிக்கொள்வதும் செப்பனிடுதலே என்பதை அவர் அறிந்திருந்தார்.

1896 மார்ச்சில் மகெல்லன் நீரிணையைக் கடந்து பசிபிக்கில் நுழைந்ததும் கடும்புயல் தாக்கியது. பெரும்பாய் கந்தலாயிற்று. ஹார்ன் முனைத் திசையில் தள்ளப்பட்டு, இரவு முழுதும் பாறைகளிடையே நுரைத்த கடலில் உயிர் தப்பினார். மீண்டும் நீரிணைக்குள் ஒதுங்கி, ஊசியும் நூலும் எடுத்துப் பாயை ஒட்டுப்போட்டுத் தைத்தார். இளமையில் காலணிப் பட்டறை தந்த பழக்கம் வீண்போகவில்லை. இரவில் தாக்க வருவோரை அறிய, நண்பர் ஒருவர் கொடுத்திருந்த சிற்றாணிகளைத் தளத்தில் தூவிவிட்டு உறங்கினார். வெறுங்காலோடு ஏறியவர்கள் அலறிக் கடலில் குதித்தனர்.

செப்பம் செய்த கலம் நன்றிக்கடன் தீர்த்தது. ஆஸ்திரேலியாவின் வடமுனையிலிருந்து கோகோஸ் தீவு வரை 2,700 மைலை 23 நாளில் கடந்தபோது, சுக்கானைக் கட்டிவைத்தே சென்றார். கையால் பிடித்த நேரம் மூன்று மணிக்கும் குறைவு. தமிழர் பலர் குடியேறியிருந்த மொரீஷியஸில் தங்கி, தென்னாப்பிரிக்கா வழியாகத் திரும்பினார். பயண இறுதியில் முன்பாயைத் தாங்கும் கயிறு உச்சியில் அறுந்து, பாயோடு கடலில் விழுந்தது. ஐம்பத்து நான்கு வயதில், நாணல்போல் ஆடிய பாய்மரத்தில் ஏறி, வேறு கயிறு கட்டி இறங்கினார்.

1898 ஜூன் 27ஆம் நாள் நியூபோர்ட் சேர்ந்தார். கடந்த தொலைவு சுமார் 46,000 மைல். அத்துடன் நில்லாமல் ஃபேர்ஹேவனுக்கே கலத்தைச் செலுத்தி, நீரில் இறங்கிய நாளில் அதைக் கட்டியிருந்த அதே மரத்தறியில் மீண்டும் கட்டினார். 1900இல் வெளிவந்த பயணநூல் உலகப்புகழ் பெற்றது.

பிற்காலத்தில் ஸ்பிரே கவனிப்புக் குன்றிக் காணப்பட்டதாகப் பார்த்தவர் சிலர் குறித்துள்ளனர். கயிறுகள் நைந்திருந்தன, தலைவரும் முதுமையில் தளர்ந்திருந்தார். அந்நிலையில் தென்னமெரிக்கா நோக்கிப் புறப்பட்டவர் திரும்பவில்லை. 1909ஆம் ஆண்டையே அவர் மறைந்த ஆண்டாகப் பலர் கொள்வர். கப்பல் மோதியிருக்கலாம் என்பாரும், நைந்த கலமே கைவிட்டிருக்கலாம் என்பாரும் உண்டு. 1924இல் சட்டம் அவரை இறந்தவராக அறிவித்தது.

பெருமுயற்சிகளை வீரம் தொடங்கிவைக்கிறது. நாள்தோறும் செய்யும் சிறு செப்பமே அவற்றைக் காக்கிறது. ஸ்லோகத்தின் வெற்றியும் அதையே சொல்கிறது. அவருடைய முடிவும் அதையே நினைவூட்டுகிறது.