குடில் கட்டிய துறவி

டிசம்பர் பிறந்துவிட்டால் ராயபுரத்துச் சந்துகளில் காகித நட்சத்திரங்கள் தொங்கத் தொடங்கிவிடும். காசிமேட்டிலும், திருவொற்றியூரிலும், எண்ணூரிலும் உள்ள கத்தோலிக்க வீடுகளில் சிறுவர் சிறுமியருக்கு அன்று முதல் ஓயாத வேலை. வைக்கோல் வேண்டும், மணல் வேண்டும், மூங்கில் குச்சி வேண்டும். தட்டில் கேழ்வரகைத் தூவித் தண்ணீர் தெளித்து வைத்தால், பண்டிகைக்குள் பச்சைப் பசேலென்று முளைத்துப் புல்வெளியாகிவிடும். பரணிலிருந்து பழைய பெட்டி இறங்குகிறது. மாதா, சூசையப்பர், இடையர்கள், மாடு, கழுதை, மூன்று அரசர்கள் எல்லோரும் தூசி தட்டப்பட்டு வெளியே வருகிறார்கள். நவராத்திரியில் கொலு வைக்கும் வீட்டுக் குழந்தைகளுக்கு எத்தனை குதூகலமோ, அத்தனை குதூகலம் இங்கே குடில் வைப்பதில்!

ஆனால் குடிலின் நடுவில் ஓர் இடம் மட்டும் காலியாக இருக்கும். வைக்கோல் பரப்பிய சிறிய தீவனத் தொட்டியில் குழந்தை இராது. பண்டிகைக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள் அடங்கிய நாட்களுக்குத் திருவருகைக் காலம் என்று பெயர். அது காத்திருக்கும் காலம். 24-ம் தேதி நள்ளிரவில்தான் குழந்தை ஏசுவின் சொரூபம் அந்தத் தொட்டிக்கு வரும். அதுவரை பிள்ளைகள் அந்த வெறும் வைக்கோலை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஏசுநாதரின் பிறப்பைச் சித்திரமாகத் தீட்டுவதும், கல்லில் செதுக்குவதும் மிகப் பழைய காலந்தொட்டே உண்டு. ஆனால் வைக்கோலும் மாடும் கழுதையுமாக அதைச் சாதாரண ஜனங்களின் கண்முன் கொண்டுவந்து நிறுத்தி, குடில் வைக்கும் வழக்கத்துக்கு வித்திட்டவர் ஒரு துறவி. 1223-ம் ஆண்டு, இத்தாலி நாட்டின் ஒரு மலைக்கிராமத்தில் அவர் அதைச் செய்தார். அவர்தான் அசிசி நகரத்துப் பிரான்சிஸ். பெரும் பணக்காரரின் மகன் வைக்கோலை ஏன் தேடிப் போனார் என்பது அவருடைய வாழ்க்கையே சொல்லும் கதை.

ஜவுளி வியாபாரியின் பிள்ளை

இத்தாலியின் நடுப்பகுதியில் உள்ள அசிசி நகரில் 1181 அல்லது 1182-ல் பிரான்சிஸ் பிறந்தார். தந்தை பியெத்ரோ பெர்னார்தோனே பெரிய ஜவுளி வியாபாரி. குழந்தை பிறந்த சமயம் அவர் வியாபாரத்துக்காகப் பிரான்சு தேசம் போயிருந்தார். தாய் பீக்கா குழந்தைக்கு ஞானஸ்நானத்தில் யோவான் என்று பெயரிட்டாள். ஊர் திரும்பிய தந்தையோ தமக்குச் செல்வம் கொழிக்கச் செய்த பிரான்சு நாட்டின் நினைவாக, மகனைப் பிரான்சிஸ் என்று அழைக்கலானார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

கையில் தாராளமாகப் பணம். உடலில் விலை உயர்ந்த ஆடை. சுற்றிலும் ஆடிப் பாடும் தோழர்கள். இப்படித்தான் பிரான்சிஸின் வாலிபம் கழிந்தது. பெரிய போர்வீரராகப் பெயர் எடுக்கவேண்டும் என்ற ஆசையும் இருந்தது. 1202-ல் அசிசிக்கும் பக்கத்து நகரமான பெருஜியாவுக்கும் சண்டை மூண்டது. அதில் பிரான்சிஸ் சிறைப்பட்டார். ஓராண்டுக் காலம் சிறையில் வாடி, பின்னர் விடுதலையாகி வீடு திரும்பியதும் நோயில் படுத்தார். எழுந்தபோது பழைய கேளிக்கைகள் அவருக்குக் கசந்துபோயிருந்தன.

தொழுநோயாளிகளைக் கண்டாலே அருவருத்து விலகிச் செல்பவர் அவர். ஒருநாள் வழியில் ஒரு தொழுநோயாளி எதிர்ப்பட்டார். பிரான்சிஸ் குதிரையிலிருந்து இறங்கி, கையில் காசை வைத்து, அந்தக் கையை முத்தமிட்டார். தம் வாழ்க்கை திரும்பிய திசையை நினைவுகூரும்போதெல்லாம், தொழுநோயாளிகளிடம் சென்ற அந்த நாட்களையே அவர் பிற்காலத்தில் குறிப்பிட்டார்.

தந்தையும் மகனும்

ஊருக்கு வெளியே சான் தமியானோ என்ற சிறிய கோயில் இடிந்துகொண்டிருந்தது. அதைச் செப்பனிடவேண்டும் என்று பிரான்சிஸின் மனத்தில் பட்டுவிட்டது. தந்தையின் கடையிலிருந்து துணிகளை எடுத்துச் சென்று பக்கத்து ஊரில் விற்றார். ஏறிச் சென்ற குதிரையையும் விற்றார். பணத்தைக் கோயில் பாதிரியாரிடம் நீட்டினார். அவர் வாங்க அஞ்சினார்.

தந்தைக்கு வந்த கோபத்தைச் சொல்லவேண்டுமா? வியாபாரத்தை வளர்ப்பான் என்று நம்பியிருந்த மகன், கந்தல் உடுத்தித் தெருவில் நடக்கிறான். ஊர்ப் பிள்ளைகள் கல்லெறிகிறார்கள். இழுத்து வந்து வீட்டில் பூட்டி வைத்தார். அவர் வெளியூர் சென்ற சமயம் பார்த்துத் தாய்தான் பூட்டைத் திறந்து மகனை அனுப்பிவைத்தாள்.

1206-ல் வழக்கு அசிசி நகரத்துப் பிஷப்பின் முன் வந்தது. எடுத்த பணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்பது தந்தையின் கோரிக்கை. பிரான்சிஸ் பணத்தைத் திருப்பித் தந்தார். அதோடு நிற்கவில்லை. தந்தை வாங்கிக் கொடுத்த ஆடைகளையும் ஒவ்வொன்றாகக் களைந்து அவர் முன் வைத்துவிட்டு, ஊரார் பார்க்க வெற்றுடம்போடு நின்றார். இனித் தமக்குத் தந்தை பரலோகத்தில் உள்ளவர் ஒருவரே என்று அறிவித்துவிட்டார். பிஷப் தம் மேலங்கியால் அவரை மூடினார். பெற்ற தகப்பனுக்கு அன்று கையில் மிஞ்சியவை பணமும் துணியும் மட்டுமே. பிள்ளை மிஞ்சவில்லை.

வளர்ந்த சபை, வாடிய மனம்

பிச்சை எடுத்து உண்டு, இடிந்த கோயில்களைத் தம் கையாலேயே செப்பனிட்டு, நோயாளிகளுக்குப் பணிவிடை செய்த பிரான்சிஸைத் தேடித் தோழர்கள் வந்தனர். 1209-ல் பன்னிரண்டு பேராக ரோமாபுரிக்கு நடந்து சென்று பாப்பரசர் மூன்றாம் இன்னசெண்டின் அனுமதி பெற்றார்கள். 1212-ல் கிளாரா என்ற செல்வக் குடும்பத்துப் பெண் வீட்டைத் துறந்து வந்து, பெண்களுக்கான சபைக்கு வழிகாட்டினாள். 1219-ல் சிலுவைப் போர் உச்சத்தில் இருந்தபோது பிரான்சிஸ் எகிப்துக்குச் சென்றார். கையில் ஆயுதமில்லாமல் எதிரிப் பாசறைக்குள் நுழைந்து சுல்தான் அல்-காமிலைச் சந்தித்தார். சுல்தான் அவரை மரியாதையாக நடத்தி, பத்திரமாகத் திருப்பி அனுப்பினார்.

ஊர் திரும்பியபோது கண்நோய் அவரைப் பற்றியிருந்தது. அதைவிடப் பெரிய வேதனை ஒன்றும் காத்திருந்தது. பன்னிரண்டு பேராகத் தொடங்கிய சபையில் இப்போது ஆயிரக்கணக்கானோர். கூட்டம் பெருகவே வீடு வேண்டும், நூல்கள் வேண்டும், வசதி வேண்டும் என்ற பேச்சும் எழுந்தது. பொலோஞ்ஞா நகரில் சபையாருக்கென்று சொந்த வீடு எழுந்துவிட்டது எனக் கேள்விப்பட்டபோது, நோயாளிகள் உட்பட எல்லோரும் அதை விட்டு வெளியேறவேண்டும் என்று பிரான்சிஸ் உத்தரவிட்டார். அந்த வீடு தம்முடையதே என்று ஒரு கர்தினால் பகிரங்கமாக அறிவித்த பிறகுதான் அவர்கள் திரும்பிச் செல்ல இசைந்தார்.

1220-ல் தலைமைப் பொறுப்பை அவர் பிறர் கையில் ஒப்படைத்தார். 1223 நவம்பர் 29-ம் தேதி பாப்பரசர் மூன்றாம் ஹொனோரியுஸ் சபையின் விதிகளை உறுதி செய்தார். ஏட்டில் விதி எழுதியாயிற்று. ஆனால் ஏழ்மையை ஏட்டில் எழுதினால் போதுமா? கண்ணால் பார்த்தால் அல்லவா மனத்தில் பதியும்? அதன்பின் ஒரு மாதத்துக்குள் அவர் செய்த காரியம்தான் இன்று உலகம் முழுவதும் வீட்டுக்கு வீடு நடக்கிறது.

மலை முழுவதும் தீப்பந்தம்

ரியேத்திப் பள்ளத்தாக்கின் விளிம்பில் பாறைகளுக்கிடையே தொங்குவது போல் அமைந்த சிற்றூர் கிரெச்சியோ. அவ்வூர்ப் பிரபு யோவான் என்பவர் பிரான்சிஸின் நண்பர். பண்டிகைக்குச் சுமார் பதினைந்து நாள் முன்னதாகப் பிரான்சிஸ் அவரை அழைத்து ஓர் ஏற்பாடு செய்யச் சொன்னார். பெத்லகேமில் பிறந்த குழந்தை பச்சைக் குழந்தைக்கு வேண்டிய எதுவுமே இல்லாமல் எப்படித் துன்பப்பட்டது, மாட்டுக்கும் கழுதைக்கும் இடையே வைக்கோலில் எப்படிக் கிடந்தது என்பதைத் தம் ஊனக் கண்ணாலேயே பார்க்கவேண்டும் என்பது அவர் விருப்பம்.

அவ்விதமே தீவனத் தொட்டி வந்தது, வைக்கோல் வந்தது, உயிருள்ள மாடும் கழுதையும் வந்து நின்றன. சுற்றுப்புறத்து ஆண்களும் பெண்களும் மெழுகுவத்தியும் தீப்பந்தமும் ஏந்தி இருட்டில் மலையேறினார்கள். பாட்டொலியால் காடு முழங்கியது. தொட்டியின் மேலேயே பீடம் அமைத்துப் பாதிரியார் பூசை நிறைவேற்றினார். பிரான்சிஸ் குருப்பட்டம் பெறாதவர். தியாக்கோன் என்ற நிலையில் இருந்தவர். ஆகவே அவர் சுவிசேஷத்தைப் பாடிப் பிரசங்கம் செய்தார். பெத்லகேம் என்ற பெயரை உச்சரிக்கும்போது அவர் குரல் ஆட்டுக்குட்டி கத்துவது போல் குழைந்ததாம். ஏசு என்ற பெயரைச் சொல்லிவிட்டுத் தேன் பட்டதுபோல் உதட்டைச் சுவைத்துக்கொண்டாராம்.

அந்தக் குடிலில் பொம்மை எதுவும் இல்லை. குழந்தையின் இடம் வெறும் வைக்கோல்தான். ஆயினும் தொட்டியில் ஒரு குழந்தை உயிரற்றதுபோல் கிடந்ததையும், பிரான்சிஸ் அருகே சென்றதும் அது தூக்கத்திலிருந்து விழிப்பதையும் அங்கிருந்த ஒருவர் காட்சியாகக் கண்டார் என்று, பிரான்சிஸின் முதல் சரித்திரத்தை எழுதிய செலானோ ஊர்த் தோமாஸ் கூறுகிறார். அந்த வைக்கோலை ஊரார் பத்திரப்படுத்தி வைத்தார்கள். அதைத் தின்ற கால்நடைகளின் நோய் தீர்ந்ததாகவும், பிரசவ வேதனையில் தவித்த பெண்களுக்கு அது துணை செய்ததாகவும் அவர் எழுதி வைத்திருக்கிறார்.

விரதமும் விருந்தும்

பிரான்சிஸ் தம் சபைக்கு வகுத்த விதிப்படி, நவம்பர் தொடக்கத்தில் வரும் சகல அர்ச்சிஷ்டவர்கள் திருநாள் முதல் கிறிஸ்துமஸ் வரை உபவாசம். ஏறக்குறைய இரண்டு மாதம்! அத்தனை கடுமையான விரதம் அனுஷ்டித்தவர் பண்டிகை நாளில் மட்டும் யாரும் பசித்திருக்கக்கூடாது என்பதில் உறுதியாக இருந்தார். அது வெள்ளிக்கிழமையில் வந்தாலும் விருந்து உண்டு. அன்று செல்வர்கள் ஏழைகளின் வயிற்றை நிரப்பவேண்டும். மாட்டுக்கும் கழுதைக்கும் வழக்கத்தைவிட அதிகத் தீனி போடவேண்டும். தெருக்களில் தானியத்தை இறைத்து வானம்பாடி முதலிய பறவைகளையும் உண்பிக்கவேண்டும். சக்கரவர்த்தியைக் கண்டால் இதைச் சட்டமாக்கும்படி கேட்கவேண்டும் என்பது அவருடைய ஆசை.

சாப்பாட்டுக்கு முன் காக்கைக்கு ஒரு பிடி சோறு வைக்கும் நம் நாட்டுத் தாய்மார்களுக்கு இந்த ஆசை புரியாமல் போகாது.

கிரெச்சியோவுக்குப் பிறகு அவர் மூன்று ஆண்டுகூட உயிரோடு இல்லை. 1224 செப்டம்பரில் லா வெர்னா மலையில் தவமிருந்தபோது, சிலுவையில் ஏசுநாதர் ஏற்ற ஐந்து காயங்கள் அவர் உடலில் தோன்றின என்று அவருடைய சரித்திரம் கூறுகிறது. பார்வை மங்கியது. வைத்தியர்கள் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் கண்ணருகே சூடு போட்டும் பயனில்லை. அந்த நிலையிலும் 1225-ல் சூரியனையும் சந்திரனையும் காற்றையும் நீரையும் உடன்பிறப்புகளாக அழைத்து, மக்கள் பேசும் மொழியில் ஒரு துதிப் பாடல் இயற்றினார். இத்தாலிய இலக்கியத்தின் தொடக்க காலப் பாடல்களில் அதற்கு முதன்மையான இடம் உண்டு. 1226 அக்டோபர் 3-ம் தேதி மாலை அவர் உயிர் பிரிந்தது. சாவு நெருங்கியபோது தம்மை ஆடையின்றி வெறும் தரையில் கிடத்தச் சொன்னார். பிஷப்பின் முன் எல்லாவற்றையும் களைந்து கொடுத்த அன்று எப்படி இருந்தாரோ அப்படியே போகவேண்டும் என்று நினைத்தார் போலும். இரண்டே ஆண்டுகளில், 1228 ஜூலை 16-ம் தேதி, அவருக்கு அர்ச்சிஷ்டர் பட்டம் வழங்கப்பட்டது.

சென்னையில் அவர் வழிவந்தோர்

அவருடைய சீடர்கள் சென்ற தேசமெல்லாம் குடிலும் சென்றது. பதினெட்டாம் நூற்றாண்டில் நேப்பிள்ஸ் நகரத்துச் செல்வர்கள் பட்டுடுத்திய பொம்மைகளை நூற்றுக்கணக்கில் அடுக்கி, குடிலைப் பெருமைக்குரிய பொருளாகவே ஆக்கிவிட்டார்கள். பொருளைத் துறந்தவர் வைத்த குடில் பொருளைக் காட்டும் குடிலாக மாறியது விசித்திரம்தான்!

சென்னைக்கும் அவர் பரம்பரைக்கும் உள்ள உறவு பழையது. 1516-ம் ஆண்டைக் கல்வெட்டில் தாங்கி நிற்கும் மயிலாப்பூர் லஸ் கோயில் பிரான்சிஸ்கன் துறவிகள் எழுப்பியது. கோட்டை கட்டத் தொடங்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்த 1642-ல் இங்கு வந்து தங்கிய எப்ரேம் பாதிரியார், அதே பரம்பரையின் கப்புச்சின் கிளையைச் சேர்ந்த பிரெஞ்சுக்காரர். ஆர்மீனியன் தெருக் கோயிலில் செவ்வாய்க்கிழமைதோறும் சாதி மத பேதமின்றி ஜனங்கள் வரிசையில் நின்று வணங்குகிறார்களே, அந்த அந்தோனியாரும் பிரான்சிஸின் காலத்திலேயே அவர் சபையில் சேர்ந்த துறவிதான்.

ராயபுரத்து ராயப்பர் கோயிலோ உழைப்பாளிகள் கட்டியது. சென்னைக்குத் துறைமுகம் இல்லாத காலத்தில் கப்பல்கள் கரைக்கு வராமல் கடலிலேயே நங்கூரம் பாய்ச்சும். பொங்கும் அலைகளைத் தாண்டி மசூலாப் படகுகளில் சரக்கையும் மனிதர்களையும் கரை சேர்த்த படகோட்டிகள்தான் 1829-ல் அந்தக் கோயிலை எழுப்பினார்கள். ராயப்பர் என்பது ஏசுவின் சீடரும் மீனவருமான பேதுருவுக்குத் தமிழ்க் கத்தோலிக்கர் வழங்கிய பெயர். உப்புக் காற்றில் பாடுபட்டவர்களின் பேட்டையில் ஏழைக் குழந்தையின் குடில் அந்நியமாகத் தோன்ற நியாயமில்லை.

2013-ல் ஒரு பாப்பரசர் முதன்முதலாகப் பிரான்சிஸ் என்ற பெயரைச் சூட்டிக்கொண்டார். 2019 டிசம்பர் 1-ம் தேதி அவர் கிரெச்சியோவுக்கே சென்று, வீட்டிலும் பள்ளியிலும் மருத்துவமனையிலும் குடில் வைக்கும் வழக்கத்தைக் கைவிடவேண்டாம் என்று கிறிஸ்தவர்களுக்குக் கடிதம் எழுதினார்.

இப்போது கடையில் ஆயத்தக் குடிலே கிடைக்கிறது. மின்விளக்கு மினுக்குகிறது, பொம்மை பளபளக்கிறது. வாங்கி வைப்பதில் தவறில்லை. ஆனால் பிள்ளைகள் தங்கள் கையால் வைக்கோலைப் பிரித்துப் பரப்பும்போது, குழந்தைக்கு இது குத்தாதா என்று அவர்களில் ஒருவராவது கேட்பதுண்டு. பதில் சொல்லும் பெற்றோர் ஏழ்மையைப் பற்றிப் பேசித்தான் ஆகவேண்டும். பிரான்சிஸ் கிரெச்சியோ மலையில் எழுப்ப விரும்பிய கேள்வியும் அதுவேதான். அந்தப் பேச்சு முடிந்தபின், அதிரசமும் முறுக்கும் அடுக்கிய தட்டை அடுத்த வீட்டுக்கு எடுத்துச் செல்லும்படி பெற்றோர் சொன்னால், எதற்காக என்று பிள்ளைகள் மறுபடி கேட்கமாட்டார்கள்.