ஔவை சண்முகம்

1912-இல் திருவனந்தபுரத்தில் பிறந்த தி. க. சண்முகம், ஆறாம் அகவையிலேயே தமையன்மாரோடு சங்கரதாஸ் சுவாமிகளின் பாலர் நாடகக் குழுவில் சேர்ந்தார். அரங்கே அவருக்குப் பள்ளி. அச்சிறுவன் அபிமன்யுவாக நடிப்பதற்கென்றே சுவாமிகள் ஒரே இரவில் ஒரு நாடகத்தை எழுதி முடித்தார். பின்னர் வாதநோய் சுவாமிகளின் நாவை முடக்கியது. 1922-இல் புதுவையில் அவர் மறைந்தார். எத்தனையோ பேருக்குப் பாட்டும் வசனமும் ஊட்டிய வாய் ஓய்ந்ததைப் பத்து வயதுப் பிள்ளை கண்டது.

1925-இல் சகோதரர் நால்வரும் சொந்தக் குழு தொடங்கினர். பேசும் படம் வந்து கூட்டத்தை இழுத்தபோது, 1935-இல் 'மேனகா' படத்தில் தாமும் நடித்தனர்; ஆயினும் மேடையைத் துறக்கவில்லை. அதுவே அவர்களது பெரிய துணிவு.

ஆடவர் பெண்வேடம் புனைவது அந்நாளில் புதிதன்று. ஆனால் முப்பது வயது இளைஞர், எழில் நாயகியாக அன்றி, நரைத்துத் தளர்ந்த மூதாட்டியாக மேடையேறியது அரிது. அவ்வேடமே அவருக்குப் பெயராயிற்று. தம் நாடக வாழ்க்கையை நூலாக்கியபோதும் ஆசிரியரை அவர் மறக்கவில்லை. 1973-இல் மறைந்தார்.