தன்னோடு பொருத வேந்தன்

கி.பி. 121-இல் உரோமையில் பிறந்த மார்க்கஸ் அரேலியஸ் நூல்களோடு வாழ விழைந்தவன். 161-இல் அரியணை ஏறியவனுக்கு வாய்த்தவையோ போரும் கொள்ளைநோயும். டான்யூப் ஆற்றங்கரைப் பாசறைகளில் ஆண்டுக்கணக்கில் தங்கிப் படை நடத்தினான். அக்காலத்தே, தாய்மொழியாம் இலத்தீனில் அன்றிக் கிரேக்கத்தில், தனக்கெனவே குறிப்புகள் எழுதி வந்தான். போற்றுவார் எவரையும் எதிர்நோக்காத எழுத்து அது. எழுதுவோர் எண்ணிப் பார்க்கத்தக்கது. அதில் மீண்டும் மீண்டும் வருவது சினம். ஆசான் ரஸ்டிகஸ் மீது பலமுறை சினந்ததை அவனே ஒப்புகிறான். பின்னர் வருந்தத்தக்க எதனையும் செய்துவிடாமைக்குத் தெய்வங்களுக்கு நன்றி கூறுகிறான். ஆக, அவன் சினம் அறியாதவன் அல்லன். சினத்தோடு நாளும் பொருதவன்.

அப்போருக்குரிய பெருஞ்சோதனை 175-இல் வந்தது. பேரரசன் இறந்தான் என்னும் பொய்ச்செய்தி பரவவே, சிரியாவை ஆண்ட தளபதி அவிடியஸ் காசியஸ் தன்னையே பேரரசனாக அறிவித்துக்கொண்டான். உண்மை தெரிந்த பின்னும் பின்வாங்கவில்லை. ஏறத்தாழ மூன்று திங்களில் அவனுடைய படையினரே அவனைக் கொன்று, தலையை மார்க்கஸுக்கு அனுப்பினர். மார்க்கஸ் அதனைக் காண மறுத்துப் புதைக்கச் செய்தான். உடந்தையானோரைக் காட்டிக்கொடுக்கும் மடல்கள் படிக்கப்படாமலே எரிக்கப்பட்டன என்பர். செனட் அவையினர் எவரையும் கொல்லலாகாது என அவ்வவையை வேண்டினான்.

ஆயினும் ஒன்றை மறைத்தல் தகாது. இவ்வருள் டான்யூபுக்கு அப்பால் வாழ்ந்த மக்களை எட்டவில்லை. போர் முற்றும் முன்னரே, 180-இல், அவன் மறைந்தான். அவன் வெற்றிகளைப் போற்றி உரோமையில் எழுப்பிய தூணில், எரியும் குடிசைகளும் தலை வெட்டப்படும் கைதிகளும் இன்றும் காட்சியளிக்கின்றனர்.