பூந்தொட்டிக்காரர் சொல்லிக் கொடுத்த பாடம்

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு நீங்களும் என்னை மாதிரி ஸ்டீல் ஃபைபர் கான்கிரீட் எடுத்திருக்கீங்களா? அப்போ ஒரு தோட்டக்காரரைத் தெரிஞ்சுக்கணும். பேரு ஜோசப் மோனியே.

1823-ல் தெற்கு பிரான்சில் பிறந்தவர். குடும்பமே தோட்ட வேலை பார்த்தது, அதனால பள்ளிக்கூடம் போகல. எழுதப் படிக்கக் கத்துக்கிட்டதே பாரிஸ் வந்த பிறகுதான். அங்கே ஆரஞ்சு மரங்களைக் குளிர்காலத்தில் தொட்டியோட கண்ணாடி வீட்டுக்குள்ள நகர்த்தணும். மரத்தொட்டி மக்கிப் போகும், மண்தொட்டி உடையும். சிமெண்ட் தொட்டி செய்து பார்த்தார், அதுவும் விரிசல் விட்டது.

ஏன்னு உங்களுக்கே தெரியும். கான்கிரீட்டை அமுக்கினா தாங்கும், இழுத்தா தாங்காது. இழுவை வலிமை, அமுக்க வலிமையில் சுமார் பத்தில் ஒரு பங்குதான். மோனியேக்கு இந்தக் கணக்கு தெரியாது. ஆனா சிமெண்டுக்குள்ள இரும்புக் கம்பி வலையை வெச்சார். தொட்டி நின்னுச்சு. 1867-ல் காப்புரிமை வாங்கினார். பிறகு குழாய், தண்ணீர்த் தொட்டி, 1875-ல் ஷஸ்லேயில் ஒரு பாலம்.

அவர் வலையை நடுவில் வெச்சார். இழுவை வர்ற பக்கம்தான் கம்பி வேணும்னு கணக்குப் போட்டுச் சொன்னவர் ஜெர்மன் பொறியாளர் கோனன். உரிமையை வாங்கிய ஜெர்மன் கம்பெனிகள் வளர்ந்தன. மோனியேவோட தொழில் 1888-ல் திவாலாச்சு. 1906-ல் வறுமையில் இறந்தார். ஜெர்மனியில் கம்பி கட்டுற குறட்டுக்கு மட்டும் இன்னும் அவர் பேர் இருக்கு.

இதை ஏன் சொல்றேன்னா, 28-ஆம் நாள் க்யூப் டெஸ்ட்ல என் கலவை என்னை ஏமாத்திடுச்சு. கன அளவில் 1 சதவீதம் ஃபைபர், அதாவது ஒரு கன மீட்டருக்கு சுமார் 78 கிலோ. ஆனா சாதாக் கலவையோட ஒப்பிட்டா பெரிய வித்தியாசமே இல்ல. ஒரு செமஸ்டர் வீண்னு நினைச்சேன்.

அப்புறம்தான் மோனியே ஞாபகம் வந்தார். தொட்டி நசுங்கக் கூடாதுன்னு அவர் கம்பி வைக்கல, பிளக்கக் கூடாதுன்னு வெச்சார். ஃபைபர் வேலையும் அதேதான். விரிசல் வந்த பிறகு ரெண்டு பக்கத்தையும் இழுத்துப் பிடிக்கும்.

அதனால க்யூபோட நிறுத்தாதீங்க. பீம் வார்த்து, விரிசல் விட்ட பிறகும் லோடு கொடுங்க. சாதா பீம் பட்டுனு ரெண்டாகும். ஃபைபர் பீம் விரிசலோடயே வளைஞ்சு நிக்கும். உங்க ரிப்போர்ட்ல எழுத வேண்டிய ரிசல்ட் அங்கேதான் இருக்கு.