கண்ணாடி விலைக்குப் போன படங்கள்

அமெரிக்க நாட்டின் 5 டாலர் நோட்டில் ஒரு முகம் இருக்கும். ஒட்டிய கன்னம். குறுந்தாடி. சோகம் நிறைந்த கண்கள். ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கனின் முகம் அது.

1864-ம் ஆண்டு பிப்ரவரி 9-ந் தேதி லிங்கன் வாஷிங்டன் நகரில் உள்ள ஒரு போட்டோ ஸ்டூடியோவுக்குப் போனார். நாற்காலியில் உட்கார்ந்தார். அன்று எடுத்த படத்தைப் பார்த்துத்தான் நோட்டில் உள்ள உருவத்தைச் செதுக்கினார்கள்.

அந்த ஸ்டூடியோவின் சொந்தக்காரர் பெயர் மாத்யூ பிராடி.

ஒரு காலத்தில் அமெரிக்காவில் பிராடியைத் தெரியாதவர் இல்லை. பெரிய மனிதர்கள் அவர் கடை வாசலில் காத்துக்கிடந்தார்கள். ஒரு மாபெரும் யுத்தத்தையே அவர் படம் பிடித்து வைத்தார். யுத்தம் முடிந்தது. அந்தப் படங்களை ஏறிட்டுப் பார்க்கவும் ஆள் இல்லாமல் போயிற்று!

பெட்டி செய்த வாலிபர்

நியூயார்க் ராஜ்யத்தில் ஒரு கிராமப்புறத்தில், 1823-ம் ஆண்டை ஒட்டிப் பிராடி பிறந்தார். தாய் தகப்பனார் அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த ஏழைகள். சிறு வயதிலேயே பிராடிக்குக் கண்ணில் கோளாறு உண்டு. கண்ணாடி இல்லாமல் பார்வை சரியாகத் தெரியாது. படம் பிடித்து உலகப் புகழ் பெறப்போகிறவருக்கு இப்படி ஒரு கண்!

பிழைப்புத் தேடி நியூயார்க் நகரத்துக்கு வந்தார். நகை வைக்கும் தோல் பெட்டிகளைச் செய்து விற்றார். அப்போதுதான் போட்டோ என்ற புதுமை அமெரிக்காவுக்கு வந்திருந்தது. பிரான்சு நாட்டில் டாகர் என்பவர் கண்டுபிடித்து, 1839-ம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தது அது. செம்புத் தகட்டில் வெள்ளிப் பூச்சு ஏற்றி, அதில் உருவத்தைப் பதிப்பார்கள். தகட்டை வைக்கப் பெட்டி வேண்டும் அல்லவா? பிராடி அதையும் செய்தார். பெட்டி செய்தவருக்குப் படமே எடுத்தால் என்ன என்று தோன்றிவிட்டது.

அந்த வித்தையை நியூயார்க்கில் பலருக்குக் கற்றுக்கொடுத்தவர் மோர்ஸ். தந்தியைக் கண்டுபிடித்தாரே, அதே மோர்ஸ்தான். அவரிடம் பிராடியும் பாடம் கேட்டார் என்பார்கள். 1844-ம் ஆண்டில், பிராட்வே என்ற பெரிய கடைத்தெருவில் பிராடி சொந்த ஸ்டூடியோ திறந்தார். அப்போது அவருக்கு வயது இருபதைச் சற்றே தாண்டியிருக்கும்.

தொழில் ஓங்கியது. மந்திரிகள், தளபதிகள், எழுத்தாளர்கள், நடிகைகள் எல்லாரும் வந்தார்கள். வந்தவர்களின் படங்களைச் சுவர் நிறைய மாட்டினார் பிராடி. அதைப் பார்க்கவே ஜனங்கள் கூடினார்கள். 1851-ல் லண்டனில் நடந்த உலகக் கண்காட்சியில் அவருக்குப் பதக்கம் கிடைத்தது. 1858-ல் தலைநகரான வாஷிங்டனிலும் ஸ்டூடியோ திறந்தார். அதைக் கவனிக்க அலெக்சாண்டர் கார்ட்னர் என்ற ஸ்காட்லாந்துக்காரரை நியமித்தார்.

லிங்கன் வந்தார்

1860-ம் ஆண்டு பிப்ரவரி 27-ந் தேதி நியூயார்க்கில் லிங்கன் ஒரு கூட்டத்தில் பேச வந்தார். மேற்குச் சீமையிலிருந்து வந்த அந்த வக்கீலை நகரத்தார் அதிகம் அறியமாட்டார்கள். ஒட்டடைக் குச்சி போன்ற உடம்பு. அழகில்லாத முகம் என்று எதிரிகள் கேலி பேசிக்கொண்டிருந்தார்கள்.

அன்று பிராடி அவரைப் படம் எடுத்தார். லிங்கனின் கழுத்து மிகவும் நீளம். அது தெரியாமல் இருக்கச் சட்டைக் காலரை மேலே இழுத்துவிடச் செய்தார். கை ஒன்றைப் புத்தகத்தின் மேல் வைக்கச் சொன்னார். படத்தில் கம்பீரமான ஒரு தலைவர் நின்றார்!

அந்தக் காலத்துப் பத்திரிகையில் போட்டோவை அப்படியே அச்சடிக்க முடியாது. மரக்கட்டையில் செதுக்கித்தான் அச்சடிப்பார்கள். பிராடியின் படம் அப்படி அச்சாகி வீடு வீடாகப் போயிற்று. தேர்தலில் சட்டையில் குத்தும் வில்லைகளிலும் ஏறியது. லிங்கன் ஜனாதிபதியானார். அன்றைய பேச்சும் பிராடியின் படமும்தான் தமக்கு அந்தப் பதவியைத் தந்தன என்று லிங்கனே நன்றியோடு கூறியதாகச் சொல்வார்கள்.

போர்க்களத்தில் ஒரு கறுப்பு வண்டி

1861-ம் ஆண்டு ஏப்ரலில் உள்நாட்டு யுத்தம் மூண்டது. அடிமை முறையை விடமாட்டோம் என்று தெற்கு ராஜ்யங்கள் பிரிந்துபோயின. வடக்கும் தெற்கும் மோதின. அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம் நின்ற குடும்பங்கள் உண்டு. நான்கு ஆண்டுகளில் 6 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள்.

இந்த யுத்தத்தைப் படம் எடுத்தே தீருவது என்று பிராடி முடிவு செய்தார். மனைவி ஜூலியா வேண்டாம் என்றார். நண்பர்களும் தடுத்தார்கள். நன்றாக ஓடுகிற வியாபாரத்தை விட்டுவிட்டுக் குண்டு பாயும் இடத்துக்கு யாராவது போவார்களா? பிராடி போனார். அரசாங்கம் அனுமதிதான் கொடுத்தது. பணம் கொடுக்கவில்லை. எல்லாம் சொந்தச் செலவு.

ஜூலை 21-ந் தேதி புல்ரன் என்ற இடத்தில் முதல் பெரிய சண்டை நடந்தது. வாஷிங்டனுக்குப் பக்கம். ஆகவே நகரத்துச் சீமான்களும் சீமாட்டிகளும் சாப்பாட்டுக் கூடையோடு வேடிக்கை பார்க்கப் போனார்கள்! மாலைக்குள் வடக்குப் படை சிதறி ஓடியது. வேடிக்கை பார்த்தவர்களும் ஓடினார்கள். பிராடியும் அந்தக் கூட்டத்தில் சிக்கி, அழுக்குக் கோட்டும் வைக்கோல் தொப்பியுமாகத் திரும்பிவந்தார். மறுநாள் அதே கோலத்தில் தம்மையே ஒரு படம் எடுத்துக்கொண்டார். அந்தப் படம் இன்றும் இருக்கிறது.

படம் எடுப்பது இன்றுபோல் அன்று சுலபம் அல்ல. செம்புத் தகடு போய், கண்ணாடி வந்திருந்தது. முதலில் ஒரு கண்ணாடியைத் துடைக்கவேண்டும். அதன்மேல் பிசின் போன்ற ஒரு திராவகத்தைச் சீராக ஊற்றவேண்டும். இருட்டில் வைத்து வெள்ளிச் சத்து கலந்த நீரில் முக்கவேண்டும். ஈரம் காய்வதற்குள் காமிராவுக்கு ஓடவேண்டும். சில விநாடிகள் மூடியைத் திறந்து மூடவேண்டும். மறுபடியும் ஓடிவந்து இருட்டில் கழுவவேண்டும். எல்லாம் பத்துப் பதினைந்து நிமிஷத்துக்குள் நடக்கவேண்டும். ஈரம் காய்ந்தால் படம் இல்லை!

இதற்காகப் பிராடி வண்டிகளைக் கட்டினார். சுற்றிலும் கறுப்புத் துணி மூடிய குதிரை வண்டி. உள்ளே மருந்துப் புட்டிகளும் கண்ணாடிகளும் இருக்கும். சிப்பாய்களுக்கு ஒன்றும் புரியவில்லை. இது என்ன வண்டி என்று கேட்டுக் கேட்டு, அதுவே அந்த வண்டிக்குப் பெயராகிவிட்டது.

சில விநாடிகள் மூடி திறந்திருப்பதால், ஓடுகிறவனைப் படம் எடுக்க முடியாது. அசைந்தால் புகைபோல் கலைந்துவிடும். ஆகவே அந்த யுத்தப் படங்களில் சண்டை இல்லை. முகாம் இருக்கும். பீரங்கி இருக்கும். இடிந்த பாலம் இருக்கும். செத்தவர்கள் இருப்பார்கள். அவர்கள்தான் அசையமாட்டார்களே!

வாசலில் நின்ற கூட்டம்

1862-ம் ஆண்டு செப்டம்பர் 17-ந் தேதி ஆண்டீட்டம் என்ற இடத்தில் போர் நடந்தது. ஒரே நாளில் இரு தரப்பிலும் செத்தவர், காயம் பட்டவர், காணாமற்போனவர் சுமார் 23,000 பேர். கார்ட்னரும் கிப்சன் என்ற உதவியாளரும் பிணங்களை எடுப்பதற்கு முன்பே போய்ப் படம் எடுத்தார்கள்.

அக்டோபரில் அந்தப் படங்களைப் பிராடி தம் நியூயார்க் ஸ்டூடியோவில் வைத்தார். ஜனங்கள் படியேறி வந்தார்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் செத்தவன் முகம் அடையாளம் தெரியும். யுத்தம் என்றால் கொடியும் வாத்தியமும் என்று நினைத்திருந்தவர்கள் பேச்சற்றுப் போனார்கள். படங்களை அட்டையில் ஒட்டி விற்றார்கள். இரண்டு படம் சேர்ந்த அட்டையும் உண்டு. அதை ஒரு சிறு பெட்டியில் வைத்துக் கண்ணருகே பிடித்தால் உருவம் புடைத்துத் தெரியும். வீட்டுக்கு வீடு வாங்கினார்கள்.

இங்கே பிராடியின் குறையையும் சொல்லவேண்டும். களத்துக்குப் போன அவர் ஆட்கள் பலர் உண்டு. அவர்கள் எடுத்த படத்திலும் பிராடியின் பெயரே முன்னால் நின்றது. அந்தக் காலத்து வழக்கம் அது என்றாலும், உயிரைப் பணயம் வைத்தவர்களுக்கு உறுத்தாமல் இருக்குமா? கார்ட்னர் பிரிந்துபோய்த் தனி ஸ்டூடியோ வைத்தார். ஓசல்லிவன் என்ற திறமைசாலியும் அவர் பின்னால் போனார். நல்ல ஆட்களைப் பிராடி இழந்தார்.

1865-ம் ஆண்டு ஏப்ரல் 9-ந் தேதி தெற்குப் படையின் தளபதி லீ சரணடைந்தார். தோற்ற தளபதி யாரையும் பார்க்க விரும்பாத நேரம் அது. பிராடிக்கு அவரை முன்பே தெரியும். சில நாட்களில் ரிச்மாண்டு நகரில் லீயின் வீட்டுக்கே போய்ச் சம்மதம் வாங்கினார். பின்கட்டு வாசலில் லீ நின்றார். அந்த முகத்தில் நான்கு ஆண்டு யுத்தம் முழுவதும் எழுதியிருந்தது.

வேண்டாத சரக்கு

யுத்தம் முடிந்தது. பிராடி கணக்குப் பார்த்தார். கையிலிருந்து போனது சுமார் 1 லட்சம் டாலர். கண்ணாடிப் படங்கள் ஏறக்குறைய 10,000. தேசத்தின் பொக்கிஷம் இது, அரசாங்கம் எப்படியும் வாங்கிக்கொள்ளும் என்பது அவர் நம்பிக்கை.

நடந்தது வேறு. வீடுதோறும் ஒரு மகன் போயிருந்தான். அவன் எப்படிக் கிடந்தான் என்பதை மறுபடியும் பார்க்க எந்தத் தாய்க்கு மனம் வரும்? யுத்தத்தின்போது ஓடி ஓடி வாங்கிய படங்களை ஜனங்கள் யுத்தம் முடிந்ததும் பெட்டிக்கு அடியில் போட்டார்கள். புதிதாக வாங்க ஒருவரும் இல்லை. அவர்கள் மேல் குற்றம் சொல்ல முடியாதுதான். ஆனால் பிராடியின் முதல் முழுவதும் அந்தக் கண்ணாடியில் அல்லவா இருந்தது?

1866-ல் நியூயார்க் சரித்திரக் கழகத்தில் படங்களைக் கண்காட்சியாக வைத்தார். வெற்றி பெற்ற தளபதி கிராண்டு ஆதரவுக் கடிதம் கொடுத்தார். விலை பேசினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. 1869-ல் அமெரிக்கச் சட்டசபையான காங்கிரசுக்கு மனுப் போட்டார். அதுவும் உறங்கியது. மருந்தும் கண்ணாடியும் கடன் கொடுத்த கம்பெனி, கடனுக்கு ஈடாக ஒரு தொகுதிக் கண்ணாடிகளை எடுத்துக்கொண்டது. 1873-ல் பிராடி திவாலானார்.

மிச்சக் கண்ணாடிகளை ஒரு கிடங்கில் வைத்திருந்தார். வாடகை கட்ட முடியவில்லை. 1874-ல் கிடங்குக்காரர் ஏலம் விட்டார். ராணுவ இலாகா சுமார் 2,800 டாலருக்கு எடுத்தது. 1 லட்சம் டாலர் சரக்கு! அந்தப் பணம் பிராடியின் கைக்கு வரவில்லை, வாடகைக்குப் போயிற்று. பின்னால் ஜனாதிபதியான கார்பீல்டு போன்ற சிலர் காங்கிரசில் வாதாடினார்கள். 1875-ல் பிராடிக்கு 25,000 டாலர் கிடைத்தது. கடன்காரர்கள் காத்திருந்தார்கள். பிராடியிடம் ஒன்றும் தங்கவில்லை. அரசாங்கம் வாங்கிய கண்ணாடிகளோ கவனிப்பாரின்றிக் கிடந்தன. பல உடைந்தன.

வேறு பலர் கையில் இருந்த போர்க்காலக் கண்ணாடிகளின் கதி இன்னும் பரிதாபம். அமெரிக்காவில் பனிக்காலத்தில் செடிகள் வெளியில் தாங்கா. கண்ணாடியால் சுவரும் கூரையும் வைத்து வீடு கட்டி, அதற்குள் பூச்செடி வளர்ப்பார்கள். அதற்குக் கண்ணாடி வேண்டும். பழைய போட்டோக் கண்ணாடி மலிவாகக் கிடைத்தது. தோட்டக்காரர்கள் வாங்கிக் கூரையில் பொருத்தினார்கள் என்று அந்நாட்டில் வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். குதிரைமேல் இருந்த தளபதி, கூடாரத்தின்முன் நின்ற சிப்பாய், பள்ளத்தில் கிடந்த பிணம், எல்லாம் தலைக்குமேல் மங்கலாகத் தெரியும். தினமும் வெயில் பட்டது. படம் வெளுத்துக்கொண்டே வந்தது. ஒரு நாள் வெறும் கண்ணாடி ஆயிற்று. கீழே பூக்கள் பூத்தன.

கடைசி ஏற்பாடு

1887-ல் மனைவி ஜூலியா இறந்தார். குழந்தைகள் இல்லை. மனைவியின் உறவினரான ஓர் இளைஞர், அவரும் போட்டோக்காரர், பிராடிக்கு ஆதரவாக இருந்தார். பார்வை மங்கிக்கொண்டே வந்தது. 1895-ம் ஆண்டு ஏப்ரலில் வாஷிங்டன் தெருவைக் கடக்கும்போது குதிரை வண்டி மோதிக் கால் ஒடிந்தது.

அப்போதும் மனிதர் சும்மா இருக்கவில்லை! யுத்தப் படங்களை விளக்கு வைத்துத் திரையில் பெரிதாகக் காட்டலாம் என்று ஏற்பாடு செய்தார். நியூயார்க்கில் கார்னெகி மண்டபம் என்ற பெரிய மண்டபத்தை நிச்சயித்தார்கள். 1896-ம் ஆண்டு ஜனவரி 30-ந் தேதி கண்காட்சி.

ஜனவரி 15-ந் தேதி நியூயார்க் ஆஸ்பத்திரி ஒன்றில் பிராடி இறந்தார்.

யுத்தத்தில் சண்டையிட்ட பழைய சிப்பாய்கள் அடக்கச் செலவுக்கு உதவினார்கள். வாஷிங்டனில், ஜூலியாவைப் புதைத்த அதே கல்லறைத் தோட்டத்தில் அவரையும் அடக்கம் செய்தார்கள்.

யுத்தம் தொடங்கி ஐம்பது ஆண்டு ஆனபோது, 1911-ல், பழைய படங்களைத் தேடிச் சேர்த்துப் பத்துப் பாகமாகப் புத்தகம் போட்டார்கள். ராணுவ இலாகா ஏலத்தில் எடுத்ததில் மிஞ்சிய கண்ணாடிகள் இப்போது அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 6,000-க்கு மேல் தேறின. கடனுக்காகக் கம்பெனி எடுத்துக்கொண்ட தொகுதி பல கை மாறியது. 1943-ம் ஆண்டில் அதை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் விலை கொடுத்து வாங்கியது. அப்போது பிராடி இறந்து 47 ஆண்டுகள் ஆகியிருந்தன.