பிள்ளைகளின் அழைப்புக்குத் திரும்பி வந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்)

பிள்ளைகளைக் கடிந்துகொண்டே இராமல், பாராட்டி, விளையாட விட்டு வளர்ப்பது மேல்நாட்டிலிருந்து வந்த புதுமுறை என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். 900 ஆண்டுகளுக்கு முன்பே அதை எழுதி வைத்தவர் ஒரு மார்க்க மேதை.

ஈரானின் தூஸ் நகரில் ஹிஜ்ரி 450 (கி.பி. 1058)ல் பிறந்தவர் இமாம் அபூஹாமித் முஹம்மத் கஸ்ஸாலி (ரஹ்). தந்தை கம்பளி நூற்று விற்றுப் பிழைத்த ஏழை. தாம் எழுதப் படிக்கக் கற்கவில்லையே என்ற ஏக்கம் அவருக்கு உண்டு. ஆலிம்களின் சபைகளில் அமர்ந்து, தமக்கும் அப்படியொரு பிள்ளை வேண்டுமென அழுது துஆ கேட்பார். மரண வேளையில் இரு மகன்களையும், கையிலிருந்த சிறு தொகையையும் ஸூஃபி நண்பர் ஒருவரிடம் ஒப்படைத்தார். அத்தனையும் செலவானாலும் சரி, பிள்ளைகள் படிக்க வேண்டும் என்பதே அவரது வஸிய்யத். பணம் தீர்ந்தது. நண்பரும் ஏழை என்பதால், உணவும் தங்குமிடமும் கிடைக்கும் மத்ரஸாவில் இருவரையும் சேரச் சொன்னார்.

அந்த யதீம் பிள்ளை 1091ல் பாக்தாத் நிஜாமிய்யாவின் பேராசிரியரானார். புகழின் உச்சியில் 1095ல் உள்ளம் கலங்கி, நாவு கட்டி, பாடம் நடத்த முடியாமல் போனது. பிள்ளைகளின் பிழைப்புக்குப் போதுமானதை ஒதுக்கிவிட்டு, மீதிச் செல்வத்தைத் தர்மம் செய்து ஊரை விட்டுப் புறப்பட்டார். திமிஷ்கிலும் பைத்துல் முகத்தஸிலும் தனிமையில் இருந்தார், ஹஜ்ஜும் செய்தார்.

இனித் திரும்புவதில்லை என்றிருந்தவரை, பிள்ளைகளின் அழைப்பு வீட்டுக்கு இழுத்து வந்தது. இதை அவரே எழுதியிருக்கிறார். வீட்டுத் தேவைகள் தம் தனிமையைக் கலைத்ததையும் அவர் மறைக்கவில்லை.

இந்தக் காலத்தில் உருவானதுதான் ‘இஹ்யா உலூமித்தீன்’. அதில் பிள்ளை வளர்ப்புக்கென்றே ஒரு பகுதி உண்டு. பிள்ளை பெற்றோரிடம் தரப்பட்ட அமானிதம் என்று அது தொடங்குகிறது. நல்ல செயல் கண்டால் பலர் முன்னிலையில் பாராட்டிப் பரிசளிக்க வேண்டும். ஒருமுறை தவறினால், அதுவும் பிள்ளை அதை மறைக்க முயன்றால், கண்டும் காணாதது போல் விட வேண்டும். மீண்டும் செய்தால் தனியே அழைத்துக் கண்டிக்க வேண்டும். ஓயாமல் ஏசினால் பிள்ளைக்கு ஏச்சு பழகிவிடும், சொல்லுக்கு மதிப்பிராது. பாடம் முடிந்ததும் விளையாட விட வேண்டும். தடுத்தால் உள்ளம் செத்து, அறிவு மழுங்கி, படிப்பிலிருந்து தப்பிக்கவே பிள்ளை வழி தேடும்.

நம் வீடுகளைப் பார்ப்போம். ஃபஜ்ருக்கு எழும் பிள்ளைக்கு மக்தப், பள்ளிக்கூடம், டியூஷன் என்று இஷா வரை ஓய்வில்லை. இடையில் கேட்பதெல்லாம் ஏச்சு. வருமானத்துக்காக வெளிநாட்டில் இருக்கும் தந்தையரின் ஃபோன் பேச்சிலும் மதிப்பெண் விசாரணைதான் முந்துகிறது. இன்று ஒரு தவறைக் கண்டுகொள்ளாமல் விடுவோம். ஒரு நல்ல செயலை உறவினர் முன் சொல்லிப் பாராட்டுவோம். மாலையில் ஒரு மணி நேரம் விளையாட விடுவோம். வீட்டின் முகம் மாறுவதை நாமே காண்போம்.

ஹிஜ்ரி 505 (கி.பி. 1111)ல் இமாமவர்கள் தூஸிலேயே வஃபாத்தானார்கள். அவர்கள் விட்டுச் சென்ற பிள்ளைகள் பெண்மக்கள் மட்டுமே.

நம் பிள்ளைகளை நமக்குக் கண்குளிர்ச்சியாக அல்லாஹ் ஆக்குவானாக! ஆமீன்.