பொறிவண்டைக் கப்பலில் வரவழைத்தவர்

செம்பருத்திச் செடியில் மாவு அப்பியதுபோல் வெள்ளைப் பூச்சி படர்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா, குழந்தைகளே? வேலப்பன்சாவடிப் பக்கம் வீட்டுத் தோட்டங்களில் இதை அடிக்கடி பார்க்கலாம். இதற்கு உறவான பஞ்சுச் செதில் பூச்சி, 1880-களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஆரஞ்சுத் தோப்புகளையே அழித்துக் கொண்டிருந்தது. மருந்து அடித்தும், புகை போட்டும் அடங்கவில்லை. மரங்களை வெட்டி எரித்துவிட்டு அழுதவர்கள் பலர். அவர்களுக்கு வழி காட்டியவர் சார்லஸ் வாலன்டைன் ரைலி.

இவர் 1843-ம் ஆண்டு செப்டம்பர் 18-ந்தேதி லண்டனில் பிறந்தார். பிரான்சிலும் ஜெர்மனியிலும் படித்தார். பூச்சிகளைப் பிடித்து வரைவதென்றால் கொள்ளை ஆசை! 17 வயதில் அமெரிக்காவுக்குக் கப்பலேறி, இல்லினாய்சில் ஒரு பண்ணையில் வேலை செய்தார். 1868-ல் மிசவுரி மாநிலத்தின் பூச்சியியல் நிபுணரானார். பிறகு மத்திய வேளாண் துறையிலேயே அந்தப் பதவி கிடைத்தது.

செதில் பூச்சியின் சொந்த ஊர் ஆஸ்திரேலியா. அங்கே அது மரங்களை இப்படி அழிக்கவில்லையே, ஏன்? அதைத் தின்னும் எதிரி ஏதோ அங்கே இருக்க வேண்டும் என்று ரைலி கணித்தார். ஆனால் பூச்சி ஆராய்ச்சிக்காக வெளிநாடு போக அரசு பணம் தராது. ரைலி விடுவாரா? 1888-ல் மெல்போர்னில் நடந்த கண்காட்சிக்குப் போன குழுவில், தன் உதவியாளர் ஆல்பர்ட் கோபெலைச் சேர்த்து அனுப்பினார்.

அடிலெய்டு நகரில் ஒரு தோட்டத்தில், சிவப்பும் கறுப்புமான பொறிவண்டு ஒன்று செதில் பூச்சியைத் தின்று கொண்டிருப்பதைக் கோபெல் கண்டார். மிளகைவிடச் சிறியது அது. முதலில் 129 வண்டுகள் கப்பலில் வந்து சேர்ந்தன. லாஸ் ஏஞ்சல்சில் ஓர் ஆரஞ்சு மரத்தைத் துணிக்கூடாரத்தால் மூடி, அவற்றை உள்ளே விட்டார்கள். வண்டும் தின்றது, அதன் புழுவும் தின்றது. 1889 ஏப்ரலில் கூடாரத்தைத் திறந்தபோது மரம் சுத்தமாக இருந்தது! ஒரே ஆண்டில், அந்த மாவட்டம் ரயிலில் அனுப்பிய ஆரஞ்சு 700 ரயில் பெட்டிகளிலிருந்து 2,000 ரயில் பெட்டிகளாக உயர்ந்தது.

விவசாயிகள் கோபெலுக்குத் தங்கக் கடிகாரம் பரிசளித்தனர். பெருமை யாருக்கு என்பதில் ரைலிக்கும் கலிபோர்னியாக்காரர்களுக்கும் சண்டைகூட வந்தது. பெரியவர்களும் இப்படித்தான்!

1895 செப்டம்பர் 14-ந்தேதி வாஷிங்டனில் சைக்கிளில் போனபோது, சாலையில் கிடந்த கல்லில் மோதி விழுந்து ரைலி இறந்தார். அப்போது அவருக்கு 51 வயது.

1928-ல் அதே செதில் பூச்சி நம் நீலகிரியில், சீகை மரங்களில் தலைகாட்டியது. இந்த மரத்தின் பட்டை தோல் பதனிட உதவுவது. கலிபோர்னியாவிலிருந்தும் எகிப்திலிருந்தும் அதே பொறிவண்டுகளை வரவழைத்து, மலையில் விட்டார்கள். இங்கேயும் அவை தங்கள் வேலையைக் காட்டின.